இருபது கூடை

புண்ணிய தீர்த்தம் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். வெளியே சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி அமாவாசையன்று பாபநாசத்துப் படித்துறையில் நான் நின்ற மாதிரி அவர்களும் நின்றிருந்தால் தெரியும். ஆனால் எனக்குக் குமட்டுவது அந்த ஊரை நினைத்து மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தான் பெயர் மாயகிருஷ்ணன். என் அக்கா வெள்ளைத்தாயைக் கட்டியவர். கடம்பூருக்குக் கிழக்கே நாலு மைல் தள்ளி உப்போடைப்பட்டி என்று ஓர் ஊர், எண்பது வீடு. எந்தக் கிணற்றில் வாளியை விட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆடு குடிக்கும், மனுஷன் வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்கு மேற்கே ஒரே ஓர் ஊருணி. ஐப்பசி கார்த்திகை மழையில் அது நிறைந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் ஊருக்கு அதுதான் உயிர். அந்த ஊருணிக்கு அத்தான் காவல்.

ஆடு மேய்க்கிற குடும்பம் அவர்களுடையது. ஊர் கூடிக் காவலை ஒப்படைத்ததும் ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கரையிலேயே குடிசை போட்டுக்கொண்டார். ஆட்டுக்கம்பை மட்டும் விடவில்லை. ஆடு மாடு கரையேறக் கூடாது. சோப்புக் கட்டியோடு ஆள் அண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரில் கால் படக் கூடாது. கல்லில் குந்தி உட்கார்ந்து குடத்தை முக்கிக்கொண்டு போய்விட வேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. அத்தானே பனையோலைப் பட்டையால் மொண்டு எல்லார் குடத்திலும் ஊற்றுவார். எந்தத் தெருக் குடமானாலும் அதே பட்டை, அதே கை, முந்தி வந்தவருக்கு முந்தி. மேலத்தெருவில் சிலருக்கு இதில் வயிற்றெரிச்சல். "பிடிக்கலேன்னா ஒங்க கிணத்துத் தண்ணியக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குத் திரும்பிவிடுவார்.

மீறினால் அபராதம். காசு இல்லை, மண். ஊருணியின் அடியில் படிகிற கரம்பை மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கரையேறி, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இருபது கூடை. கால் பட்டாலும் இருபது, துப்பினாலும் இருபது, முகம் கழுவினாலும் இருபது. சின்னக் குற்றம் பெரிய குற்றம் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. கல்யாணமான புதிதில் என் அக்கா தெரியாத்தனமாகச் சேற்றுக் காலை அலசிவிட்டாள். தாலியில் மஞ்சள்கூட மங்கவில்லை. சுமக்க வைத்துவிட்டார். விருந்துக்குப் போன என் அய்யா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு அவரும் சுமந்தார். அப்புறம் மூன்று வருஷம் மருமகனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் அத்தானுக்குப் பட்டப்பெயரே அதுதான். "இருபது கூடை வாராரு, ஒதுங்கிக்கோ" என்பார்கள்.

அக்கா செத்தது ஐம்பத்தாறில், என் வீட்டில்.

நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு பஞ்சரவை மில்லில் பிட்டர். ஒரு வளவில் குடியிருந்தேன். ஆறு வீட்டுக்கு ஒரு கிணறு. பெண்சாதி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்ததால் எனக்குச் சோறு பொங்கிப் போட அக்கா வந்தாள். அவள் வருவதற்கு ரெண்டு நாள் முந்தி எதிர்வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் மருந்தைக் கொட்டினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டது. ஒரு வாரத்துக்குக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் டீயும் சோடாவுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்த அன்று நிறம் தெளிந்துவிட்டது. செம்பில் மொண்டு மோந்து பார்த்தாள். ஊருணிக்காரர் பெண்டாட்டி அல்லவா.

"என்னலே ஒரு மாதிரி வாடை அடிக்கி? குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"நல்ல தண்ணிதான்க்கா. நாங்க குடிக்கோம்லா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வேறு தண்ணீர் வேண்டுமென்றால் ரெண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் தூக்கி வர வேண்டும். வேலை முடிந்து வந்த அலுப்பு எனக்கு. அவ்வளவுதான் காரணம். அடுப்பில் ஒரு பானை தண்ணீரைக் காய்ச்சு என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் கண்டது. ஆள் அனுப்பி அத்தான் வந்து சேர்ந்தபோது மத்தியானம். அக்காவுக்கு அப்போது பேச்சு இருந்தது. சாயங்காலம் போய்விட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் விதி என்று சொன்னேன். அத்தான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததனால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தேழில் மழை பொய்த்தது. ஐம்பத்தெட்டு ஆடியில் ஊருணியின் நட்ட நடுவில் ஒரு களம் அகலத்துக்குத்தான் தண்ணீர் கிடந்தது. வீட்டுக்கு ஒரு குடம் என்று அத்தான் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பூவனநாதனுக்கு யோசனை வந்தது. பூவனநாதன் என்றால் ஊரில் பெரிய சம்சாரி, அறுபது ஏக்கர் பருத்திக்காடு. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரவருணித் தீர்த்தத்தை ஒரு குடம் கொண்டுவந்து ஊருணியில் ஊற்றினால் மழை இறங்கும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். ஊருணியில் எதை ஊற்றுவதானாலும் காவல்காரர் சம்மதம் வேண்டும் என்பது ஊர்க் கட்டு. அதனால் அத்தானையும் கூப்பிட்டார்.

"வெள்ளைத்தாய்க்கு எள்ளுந் தண்ணியும் விட்ட மாதிரியும் ஆச்சு. வாலே மாயம், செலவு என்னோடது" என்றார்.

அத்தான் அதற்காகத்தான் ஒப்புக்கொண்டார். அக்கா செத்து ரெண்டு வருஷமாக அவளுக்கு ஒரு கை தண்ணீர் விடவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. குடம் சுமக்க ஓர் ஆள் வேண்டுமே. உடன்பிறந்த தம்பி நான் இருக்கிறேன். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். மில்லில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கடம்பூரில் ரயிலேறி, மணியாச்சி தாண்டி, திருநெல்வேலியில் வண்டி மாறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கினோம். அங்கே காலரா ஊசி போட்டால்தான் பாபநாசம் பஸ்ஸில் ஏற்றினார்கள். பூவனநாதன் யாரையோ பிடித்து ஊசி போடாமலேயே சீட்டு வாங்கிக்கொண்டார். அத்தான் சட்டையைக் கழற்றி, "ரெண்டு கையிலயும் போடுங்க" என்றார்.

விடிந்தும் விடியாததுமாக ஆற்றங்கரைக்குப் போனோம். அத்தான் ஐம்பது வயது வரைக்கும் ஓடுகிற ஆற்றைப் பார்த்ததில்லை. மலையில் மழை. கரை நிறைய, பாறைகளுக்கு மேலே ஏறி, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மேல்படியில் நின்றவர் நின்றபடியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"இம்புட்டுமா மாப்ள? இது நிக்காதா?" என்று கேட்டார்.

"நிக்காது அத்தான். கடலுக்குப் போயிரும்."

"சும்மாவா போவுது?"

அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. அந்த வெளிச்சம் வராமலே இருந்திருக்கலாம்.

படி முழுக்க ஆட்கள். வலது பக்கம் வரிசையாக நாவிதர்கள் உட்கார்ந்து தலை மழித்துக்கொண்டிருந்தார்கள். மயிர் கற்றை கற்றையாகப் படியில் வழுக்கித் தண்ணீருக்குப் போனது. இடது பக்கம் எள்ளும் சோற்று உருண்டையும் வாழை இலையுமாகக் கொட்டிக் கொட்டி, ஓரத்தில் பழையது மாதிரி ஊறிப் புளித்துக் கிடந்தது. அதில் ஈ. ஒரு கிழவர் பல்செட்டைக் கழற்றி ஆற்றில் அலசி மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு முழம் கீழே ஒரு பொம்பளை அதே தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணை மூடிக் குடித்தாள். எண்ணெய், சீயக்காய், சோப்பு நுரை, சாம்பல், எல்லாருக்கும் சளி வேறு. போதாததற்கு உடுத்துப் போன துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தால் பாவம் போய்விடும் என்று ஒரு வழக்கம். முங்கி எழுந்தவன் ஒவ்வொருத்தனும் வேட்டியை உருவி விடுகிறான். பாறை இடுக்கெல்லாம் ஊறிப்போன சேலையும் கோமணமும். நாலைந்து பேர் வளைந்த கம்பி கட்டிய கழியை வைத்து அந்தத் துணியை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். உலர்த்தி விற்பார்களாம். படிக்கு மேலே பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தவன் தோளில் கிடந்த துண்டு எந்தப் புண்ணியவான் கழற்றிப் போட்ட பாவமோ. அவன் அதில்தான் கரண்டியைத் துடைத்தான். ராத்திரி சாப்பிட்டது எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

அத்தான் என் தோளைத் தொட்டார். "மாப்ள, இது குடிக்கிற தண்ணியா, குளிக்கிற தண்ணியா?"

"ரெண்டுந்தான் அத்தான்."

"ரெண்டும்னா எப்படிலே?"

பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், இங்கேயிருந்து திருநெல்வேலிக்கும் கீழே வரைக்கும் அத்தனை ஊரும் இதைத்தான் குடிக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அத்தான் முகம் மாறியது. கம்பைக் கையில் மாற்றிப் பிடித்தார். எனக்கு அந்தப் பிடி தெரியும். நான் தடுக்கிறதுக்குள் நாலு படி இறங்கிவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆசாமி நின்றான். தொந்தி, புலிநகச் சங்கிலி. வாய் நிறையப் பற்பொடி நுரையோடு கொப்பளித்துத் துப்பினான். அத்தான் அவன் தலைக்கு நேரே கம்பை நீட்டினார்.

"ஏய், துப்பாத. வெளிய ஏறு. இருபது கூடை."

அவன் திரும்பிப் பார்த்தான். "என்னது?"

"இருபது கூடை மண்ணு. ஏறி வா, காட்டுதேன். ஏ அம்மா, கால எடு, ஒனக்கும் இருபது. வேட்டிய உருவுத அண்ணாச்சி, அத எடுத்துக் கரையில போடும். குடிக்கிற தண்ணி அது."

கரையில் சிரிப்பு கிளம்பியது. பைத்தியம் என்றான் ஒருத்தன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தானை யாரென்றே தெரியாத மாதிரி ரெண்டு எட்டு விலகி நின்றேன். திதி கொடுத்துவைக்கிற புரோகிதர் ஒருவர் மட்டும் எழுந்து வந்து, தன்மையாகவே சொன்னார்.

"பெரியவரே, இது தீர்த்தம். இதுக்கு எந்த அழுக்கும் ஒட்டாது."

"தண்ணிக்கு ஒட்டாது சாமி. குடிக்கவனுக்கு ஒட்டும்லா" என்றார் அத்தான். "எம்பொண்டாட்டிக்கு ஒட்டிச்சு."

அவர் என் பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்தேன். புலிநகக்காரன் ஏறி வந்து அத்தானை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மயிரும் எண்ணெயுமாகக் கிடந்த படி. வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. விழுந்தபோதும் தண்ணீரில் கால் படாமல் மடக்கிக்கொண்டார். அதைப் பார்த்தும் சிரித்தார்கள்.

பூவனநாதன் இதற்குள் எண்ணெய் தேய்த்து முங்கிக் கொப்பளித்து, பழைய வேட்டியை ஆற்றில் விட்டு, புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். "மானத்த வாங்கிட்டியே மாயம்" என்று பல்லைக் கடித்தார். அத்தான் அக்காவுக்குத் திதி கொடுத்ததும் ஒரு மாதிரியாகத்தான் நடந்தது. ஆற்றில் இறங்க மாட்டேன் என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டையில் என்னை மொண்டுவரச் சொல்லி, ஒரு மருதமரத்தடியில் எள்ளை வைத்து, தண்ணீரை மண்ணில் விட்டார். "வெள்ளைத்தாயி, வெள்ளைத்தாயி, வெள்ளைத்தாயி" என்று மூன்று தரம் சொன்னார். சோற்று உருண்டையையும் ஆற்றில் போட மறுத்து அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார். புரோகிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்தது குடம். பூவனநாதன் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கப் பார்த்தார். அத்தான் உட்கார்ந்தபடியே கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"இங்கன எடுத்த தண்ணி ஒரு சொட்டு என் ஊருணியில விழாது."

"பின்ன எங்கன எடுக்கணும்?"

"மலையில இருந்து விழுத இடத்துல. ஆளு கால் படாத இடத்துல. ஒரு மைல்தானாம், கேட்டுட்டேன். நானே போவேன், இந்தக் கால் விடாது. எம்மச்சினன் செண்பகம் போவான்."

பூவனநாதன் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை என்னிடம் தந்தார். அத்தான் என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, எண்பது வீட்டுக்கும் அந்த ஒரு துளித் தண்ணிதான். வேற யாரையும் நம்ப மாட்டேன். கெட்ட தண்ணி என்ன செய்யும்னு ஒனக்குத் தெரியும். பாத்து எடுத்துட்டு வா."

சரி அத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினேன். கரையோரமாக மேற்கே ஓர் ஒற்றையடிப் பாதை. விடியற்காலையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சனமும் அந்தப் பாதையின் ரெண்டு ஓரத்திலும்தான் குந்தி எழுந்திருக்கிறது. கால் வைக்க இடம் இல்லை. நாற்றம் கண்ணைக் கரித்தது. பன்றி வேறு. தலையில் குடம், மூக்கில் துண்டு, நுனிக்காலால் நடந்தேன். ஒரு பர்லாங் போயிருப்பேன். பன்றிக்கு ஒதுங்கினதில் வலது கால் வசமாக மிதித்துவிட்டது. கணுக்கால் வரைக்கும். கருமம், கருமம் என்று ஒற்றைக் காலில் நொண்டி, ஆற்றோரம் இறங்கி, பாதத்தைத் தண்ணீரில் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சளாகக் கலங்கிக் கரையோரமே சுழன்றது. எனக்கு ரெண்டு தரம் வாந்தி வந்தது. அதையும் அங்கேயே எடுத்தேன்.

இன்னும் முக்கால் மைல் இந்தப் பாதையில் போய், நிறைகுடத்தோடு இதே பாதையில் திரும்ப வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. எல்லாம் ஒரே ஆறுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. குடத்தை அங்கேயே முக்கினேன். கால் கழுவின அதே இடம். ரெண்டு எட்டு தள்ளிப் போயிருக்கலாம். அதற்கும் அலுப்பு. மஞ்சள் துணியால் வாயைக் கட்டினேன். ஒரு மைல் போய் வந்த நேரம் ஆக வேண்டுமே, சுக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்து ரெண்டு கிளாஸ் குடித்தேன். அந்தக் காப்பியும் எந்தத் தண்ணீரோ. எழுந்து வரும்போது வியர்வை மாதிரி இருக்கட்டும் என்று முகத்தை நனைத்துக்கொண்டேன்.

"விழுத இடத்துலயே எடுத்துட்டியா மாப்ள?"

"பாறையில இருந்து விழுததுக்கு நேர் கீழ எடுத்தேன் அத்தான்."

அத்தான் தன் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். "ரெம்ப நடந்துட்ட" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் குடத்தை அவர் தரையில் வைக்கவில்லை. வீங்கின காலோடு ரயிலில் மடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் குழந்தைத் தலையைப் பிடிக்கிற மாதிரி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மணியாச்சியில் ஒரு பயணி தீர்த்தம் என்று தெரிந்து கொஞ்சம் கேட்டான். "எண்பது வீட்டுக்குப் போவுது அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க" என்றார். பூவனநாதன் குறட்டை விட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டின துணியிலிருந்து ஒரு சொட்டு அத்தான் கையில் வடிந்தது. அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் காலை ஊர் முழுக்க ஊருணியில் கூடிவிட்டது. மேளம், தேங்காய், பழம். ஆடிக் காற்றில் புழுதி பறந்தது. எண்பது குடமும் வரிசையாகக் கல்லில் இருந்தன. தீர்த்தம் ஊற்றின பிறகுதான் இன்றைக்குத் தண்ணீர் என்று பூவனநாதன் சொல்லிவிட்டார். சனம் தாகத்தோடு நின்றது. சொர்ணத்தாய் என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடத்துக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்தேன். அந்த நடுத் தண்ணீரைப் பார்த்தேன். அடி தெரிகிற தெளிவு.

அத்தான் கம்பை ஊன்றிக் கல்லில் ஏறி நின்றார். அதிகம் பேசுகிறவர் இல்லை.

"நான் அந்த ஊரப் பாத்தேன். படித்துறையில எடுத்திருந்தா ஊத்த விட மாட்டேன், சாமியே வந்து சொன்னாலும் சரி. இது மலையில இருந்து விழுத தண்ணி. எம்மச்சினன் ஒத்தையில நடந்து போயி எடுத்தது. அவன் எடுத்ததுனாலதான் விடுதேன். ஊத்துங்க."

பூவனநாதன் துணியை அவிழ்த்துக் குடத்தைச் சாய்க்கப் போனார்.

"அத்தான், வேண்டாம்" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. மேளக்காரன் நிறுத்தினதில் வந்தது என்று தெரிந்தது. "நான் அருவிக்குப் போகல. வழியில நரகல மிதிச்சிட்டேன். கால் கழுவுன எடத்துலயே முக்கிட்டேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். பூவனநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அதனால என்ன? ஆறு ஒண்ணுதான். சாமித் தண்ணிக்குத் தீட்டு ஏது?" என்றார். சொல்லிக்கொண்டே, குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துப் புது வேட்டியில் ஒரு தரம் துடைத்துக்கொண்டார். அதை ஊரே பார்த்தது.

அத்தான் நொண்டிக்கொண்டே வந்து குடத்தை வாங்கினார். கரையேறி வெளிப்பக்கம் போய், ஒரு கருவேல மரத்து மூட்டில் கவிழ்த்தார். மடியில் வைத்துக் கொண்டுவந்த குடம். வெறும் குடத்தை மணல் போட்டுத் தேய்த்துப் பூவனநாதனிடம் கொடுத்தார். பிறகு தன் பட்டையை எடுத்துச் சொர்ணத்தாய் குடத்தை முதலில் நிறைத்தார். எண்பது குடமும் முடிகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசிக் குடம் போனதும் குடிசையிலிருந்து மண்வெட்டியும் கூடையும் எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.

"நாப்பது கூடை" என்றார்.

"இருபதுதான அத்தான் கணக்கு?"

"இருபது இந்தக் குடத்துக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "இருபது, அன்னைக்கு அவ கேட்டப்ப நல்ல தண்ணின்னு சொன்னியே, அதுக்கு. அவ எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா."

ரெண்டு வருஷம். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே என்னை நம்பிக் குடத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நானாகத் திருந்தியிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. மண்வெட்டியை எடுத்தேன். கரம்பை காய்ந்து வெடித்து, வெட்ட வெட்டக் கருப்பங்கட்டி மாதிரி பாளம் பாளமாக வந்தது. கரையேறிக் கொட்டிவிட்டு இறங்கினேன். பிட்டர் கைதான், ஆனாலும் பத்தாவது கூடையிலேயே கொப்பளித்துவிட்டது. அத்தான் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இருபது முடிந்ததும், "இனி அவளுக்கு" என்று சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சுமந்தேன்.

நாற்பதாவது கூடையைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தான் பட்டையை நீட்டி, கலங்காமல் ஒரு மொள்ளு மொண்டார். என் ரெண்டு கையையும் ஏந்தச் சொன்னார்.

"குடி மாப்ள" என்றார். "இது நல்ல தண்ணி."